ஆளுக்கு ரெண்டு பேர்

பயந்த சுபாவக்காரன் காலங்காத்தால வாயைத் திறக்கக் கூடாது. நாற்பது தாண்டித்தான் எனக்கே இது உறைத்தது. (எட்டாம் வகுப்போடு நின்றவன். வாய்ப்பாடும் பாதிதான் வரும்.)

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எங்கள் குடியிருப்பு. தங்கச்சி ஜெசியைப் பெண் பார்க்கச் சித்திரபுரத்திலிருந்து ஜீப்பில் வருவதாக இருந்தார்கள். முன்பு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது. இதுவும் போய்விடுமோ என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று விடிந்ததும் வெளியே வந்தால், பனிக்குள் தேயிலை மேட்டில் கறுப்பாய், பெருசாய் ஒன்று. யானை! பக்கத்து வீட்டு மேரியக்காவிடமும் எதிர்வீட்டு ராசுவிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன். அதோடு விட்டேனா?

"ஆளுக்கு ரெண்டு பேருக்குச் சொல்லுங்க. அவங்களையும் ரெண்டு ரெண்டு பேருக்குச் சொல்லச் சொல்லுங்க."

ஜெசி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அது நேத்து லாரியில வந்து இறக்குன தண்ணி டேங்கு."

ரெண்டு வீடுதானே, சொல்லிச் சரிக்கட்டிவிடலாம் என்று கிளம்பினேன். அதற்குள் ரெண்டு நாலாகி, நாலு எட்டாகியிருந்தது. நான் ஒவ்வொரு கதவாகத் தட்டி "யானை இல்லை" என்று ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனேன். புரளி ரெண்டு ரெண்டாகப் பெருக்கிக்கொண்டு போனது. கால் ஓய்ந்து கடைசி லயத்துக்குப் போனால், ஒரு அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"குட்டியோட மூணு நிக்காம்! உள்ள வாலே!"

(ஒரு நிமிஷம் உள்ளே போய்விட்டேன்.)

"யானையே இல்லக்கா. இதையும் ரெண்டு பேருக்குச் சொல்லுங்க."

"இல்லாத ஆனையப் பத்தி என்னத்தலே சொல்ல?" கதவைச் சாத்திவிட்டாள்.

தளர்ந்துபோய் வீடு திரும்பினேன். செய்தி எனக்கு முந்தி மலையிறங்கி, ஜீப் பாதிவழியிலேயே திரும்பிவிட்டதாம். ஜெசி பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எனக்கு அதுதான் பயம்.

"அண்ணே, போனைக் குடுங்க." மாப்பிள்ளைக்கு அவளே அடித்தாள். "யானையுமில்ல ஒண்ணுமில்ல. எங்கண்ணன் தண்ணி டேங்கைப் பாத்துப் பயந்துட்டாரு. நீங்க வாங்க."

அந்தப் பக்கம் ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது.

மத்தியானம் வந்தார்கள். கல்யாணமும் முடிந்தது. இன்றைக்கும் நான் வாயைத் திறந்தால் போதும், மாப்பிள்ளை பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

"மச்சான், எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."