காம்பு சாரின் ஆத்தா

கிருமிக்கு வயதாகுமா ஆகாதா என்ற கவலையிலேயே இளைத்துப்போன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் எனக்குப் பக்கத்து அறையில் அவர் குடியிருந்தார். கல்லூரி விரிவுரையாளர். பெயர் என்னவோ, எங்கள் தெருவுக்கு அவர் காம்பு சார்.

ஊரே மேட்டூருக்குப் போனால் அணை மீன் வாங்கிவரும். இவர் ஊறுகாய் பாட்டிலில் அணைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே வருவார். "ஏனுங்க சார், அவ்வளவு தூரம் போயி வெறுந்தண்ணியா?" என்று கேட்டால், "வெறுந்தண்ணி இல்லீங்க, உள்ள ஒரு குடும்பமே இருக்குது" என்பார். கேட்டவர் பாட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்தத் தண்ணீரில் காம்பு வைத்த ஒரு கிருமி உண்டு. காம்பின் நுனியில் பசை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் நகராது. நின்ற இடத்திலேயே நீண்டு இரண்டாகும். ஒரு பாதி காம்போடு நிற்கும்; மறுபாதி வால் முளைத்து நீந்திப் போய்விடும். கிருமி இரண்டானால் இரண்டுமே புதுசு, அதற்குக் கிழப்பருவமே கிடையாது என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். சார் ஒத்துக்கொள்ளவில்லை.

"நிக்கறது தாயி, போறது புள்ளைங்க. தாயின்னு ஒருத்தி இருந்தா அவளுக்கு வயசாகோணுமல்லங்க?"

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரே தாயைக் கண்ணெடுக்காமல் பார்ப்பது. ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, 'ஆத்தா' என்று பெயர் வைத்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் குடியமர்த்தினார். விளக்குத்திரி வழியாக அவளுக்கு அணைத் தண்ணீர் கசிந்தபடி இருக்கும்.

என்னையும் ஒருநாள் பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் வளைந்த சீரகம் போல ஒன்று நின்றது. அதன் ஒரு நுனி துடித்தது, உதறியது, சட்டென்று அறுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டது. ஆத்தா அசையவில்லை. அடுத்ததற்குத் தயாராக நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. லாரி புக்கிங் ஆபீஸில் மூட்டை பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இப்படியொரு காட்சியா என்று நம்பவே முடியவில்லை.

வினை வீட்டுக்கார ராசம்மா அக்கா வடிவில் வந்தது. "ஏனுங்க, காலேஜுக்குப் போவலைங்களா?" என்று அவர் வெளியிலிருந்து கேட்க, சார் உள்ளேயிருந்து கத்தினார்:

"எப்படிங்கக்கா போறது? ஆத்தா வந்திருக்கறா!"

எங்கள் பக்கம் ஆத்தா வந்தால், அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. கல்லூரிக்குத் தகவல் போய், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று முதல்வரிடமிருந்து பதிலும் வந்தது. ஆத்தாவை நிம்மதியாகப் பார்க்க இதைவிட வசதி கிடைக்குமா? சார் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தான் தூங்கும்போது மட்டும் என்னைக் காவலுக்கு வைத்தார்.

கடைசியில் ஒரு காலை, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர்க் குடத்தோடு அக்கா உள்ளேயே வந்துவிட்டார். "தலைக்கு ஊத்தோணும், எந்திரிங்க சாமி!"

சார் மேஜைக்குக் குறுக்கே பாய்ந்தார். "என்ர மேல வேணா ஊத்துங்க, ஆத்தா மேல ஊத்தீராதீங்க!"

அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். ஒரு கொப்புளம் கூட இல்லை. "இத்தனை நாளும் பொய்யா?" என்று கேட்டுவிட்டு, குடம் முழுவதையும் அவர் தலையிலேயே கவிழ்த்தார்.

மைக்ராஸ்கோப் தப்பியது. சொட்டச் சொட்ட சார் திரும்பிக் கண்ணை வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. ஒரு சினிமா பார்த்துத் திரும்புவதற்குள் ஒன்று பெற்றுவிடுகிறவள், கொஞ்ச நாளாகவே தாமதித்துக்கொண்டிருந்தாள். இப்போது பெறுவதையே அடியோடு நிறுத்திவிட்டாள். அதே தண்ணீரில், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்ட மகள் சுறுசுறுப்பாகப் பெற்றுக்கொண்டிருந்தாள். அப்படியானால் காரணம் பசி இல்லை, வயசுதான்.

"செயிச்சுட்டீங்க சார்!" என்று நான் குதித்தேன்.

"தோத்திருந்தாத் தேவலைங்க," என்றார். "ஏதோ ஒண்ணாவது கெழடாகாம இருக்குதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அதையும் நானே பார்த்துக் கெடுத்துப் போட்டேன்."

அக்கா துண்டை எடுத்து நீட்டினார். அன்று நான் ஆபீஸுக்குப் போகவில்லை. ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்த மனுஷனைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.