எட்டுப் பேர் தட்டிய சக்கை

ஆராய்ச்சி செய்யாத ஆசிரியரால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்வி, கடந்த அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் கல்லூரி நிர்வாகத்தின் மனதில் உதித்தது. பத்தரைக்குச் சுற்றறிக்கை தயார். டைப் செய்தவன் நான்தான். சத்தியராஜ், ஆபீஸ் சூப்பிரண்டு. கல்லூரி பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

'தற்காலிக ஆசிரியர்கள் அனைவரும் வரும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் செயற்கை நுண்ணறிவு குறித்த ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தகுதி வாய்ந்த ஆய்விதழுக்கு அனுப்பி, அதில் தம் பெயர் இடம்பெற்றதற்கான சான்றை அலுவலகத்தில் சமர்ப்பிக்கவேண்டியது. தவறும் பட்சத்தில் பணி நீட்டிப்பு வழங்கப்படமாட்டாது.'

சிவில்காரர் ஒருவர் பாலத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்டார். பிரின்சிபால் டாக்டர் சஜன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாலமா? எடே, இப்போ எல்லாம் ஏஐ ஆக்கும். பாலம் எல்லாம் பண்டு."

பண்டு என்றால் அந்தக் காலம். மறுவாரமே எல்லாத் துறைப் பலகைகளிலும் ஏஐ ஏறிக்கொண்டது. சிவிலும் ஏஐயும், மெக்கானிக்கலும் ஏஐயும், உடற்கல்வியும் ஏஐயும். கேன்டீன்காரன் மட்டும் சும்மா இருப்பானா? வாழைப்பழ பஜ்ஜிக்கு 'ஏஐ பழம்பொரி' என்று எழுதி ஒட்டினான். ருசி பழையதுதான், பலகை புதுசு.

இத்தனை கூத்துக்கும் நடுவில், உண்மையிலேயே ஆராய்ச்சி என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்த ஒரே ஆள் லேகா டீச்சர். திருப்புறத்துக்காரி, கம்ப்யூட்டர் துறையில் தற்காலிகம். கணவர் கள்ளிக்காட்டில் நடத்திவந்த போட்டோ ஸ்டுடியோவை மூடி ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். வீட்டில் அடுப்பு எரிவது டீச்சரின் இந்த வேலையால்தான்.

பெருங்கடவிளைச் சந்தையில் சக்கை விற்கும் செல்லசாமியை எல்லாருக்கும் தெரியும். பலாப்பழத்தைத்தான் நாங்கள் சக்கை என்போம். விரலால் ஒரு தட்டு தட்டி, பழுத்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். தப்பாது. லேகா டீச்சர் ஒருநாள் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"எங்ஙனெ அண்ணா தெரியுது?"

"அதுதான் சொல்லுதே, பிள்ளே. டங்குன்னு கேட்டா இன்னும் நாலு நாளு கழியணும். தொண்டை கட்டினவன் பேசுத மாதிரி வந்தா உள்ள பழுத்தாச்சு. இதுல படிக்கதுக்கு என்ன உண்டு?"

படிப்பதற்கு நிறைய இருந்தது. இரண்டு சீசன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சந்தைக்குப் போய், இரண்டாயிரத்து முந்நூறு சக்கைகளின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, எந்திரத்துக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தாள். நூறு தட்டில் தொண்ணூற்று நாலு சரியாகச் சொன்னது எந்திரம். அதற்கு ஒரு சோதனை உண்டு. எந்திரம் சொன்னது சரிதானா என்று சக்கையை வெட்டிப் பார்க்கவேண்டும். வெட்டியதை வீசவா முடியும்? பிப்ரவரி முழுக்கவும் மார்ச் பாதிவரையும் ஸ்டாஃப் ரூமில் வெட்டப்பட்டது, தின்னப்பட்டது. உடற்கல்வி ஸ்ரீஜித் ஒருவரே ஒரு பழத்தை முடிப்பார். டீச்சர் மட்டும் ஒரு சுளை தொட்டதில்லை. கையெல்லாம் பிசின், நோட்டில் குறிக்கவே நேரம் போதவில்லை பாவம்.

கட்டுரை தயாரானது. பிரின்சிபால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"டீச்சரே, இது இனி டீச்சருக்க கட்டுரை இல்லை. ஸ்தாபனத்துக்க கட்டுரையாக்கும்."

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எங்கள் சபையின் ஆண்டு விழா நோட்டீசில் பெயர் வரிசை போடுவது பதினெட்டு வருஷமாக நான்தான். லேசுப்பட்ட வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷம் பொருளாளர் பெயர் கொஞ்சம் சின்ன எழுத்தில் போய்விட்டது, இரண்டு குடும்பம் ஆறு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. நோட்டீஸ் என்றால் யாரையும் விடக்கூடாது, யாரும் யாருக்கும் மேலே போகக்கூடாது. பிரின்சிபாலின் கருத்துப்படி ஆய்வுக் கட்டுரையும் அப்படித்தான்.

வெளிநாட்டு ஆய்விதழ்க்காரன் எட்டுப் பெயருக்கு மேல் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தான். நான் வரிசைப்படுத்தினேன். முதலாவது, நிர்வாகத் தலைவி விலாசினி அம்மா. இரண்டாவது, கனடாவில் இருக்கும் அவர் மகன் அபின். மூன்று, பிரின்சிபால். நான்கு, வைஸ் பிரின்சிபால். ஐந்து, துறைத் தலைவர் பிஜு. ஆறு, சக்கை ஏற்றிவந்த கல்லூரி வேனுக்குப் பொறுப்பாளர். ஏழு, ஸ்ரீஜித். எட்டாவதாக லேகா டீச்சர்.

"எட்டாவதா?" என்றாள் டீச்சர்.

"பேரு உள்ளே இருந்தா போதாதா மக்கா? வேலை நிலைக்கும். உனக்க பேரு போகாம நான் பாத்துக்கிடுகேன்," என்றேன். என் வாயால் சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படிவம் வந்தது. ஒவ்வொரு கட்டுரையாளரும் இந்த ஆய்வில் என்ன செய்தார் என்று எழுதவேண்டுமாம். கருத்துருவாக்கம், முறை வகுத்தல், மென்பொருள், தரவு ஒழுங்குபடுத்தல், சரிபார்த்தல் என்று மொத்தம் பதினான்கு கட்டங்கள்.

"லேகா டீச்சர் இதில எது செய்தாங்க?" என்றார் பிரின்சிபால்.

"பதினாலும், சாறே."

"மத்த ஏழு பேரு?"

"சரிபார்த்தல். கனடாக்காரரு ஒழிய எல்லாரும் தின்னாங்கல்லா."

பிரின்சிபால் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "எடே சத்தியராஜே, ஒரு ஆளு பதினாலு வேலையும் செய்தாங்க, மத்தவங்க சக்கை தின்னாங்கன்னு எழுதி அனுப்பினா அவன் நம்மளெப் பத்தி என்ன நெனைப்பான்? ஸ்தாபனத்துக்கு மானம் உண்டா இல்லியா?"

"உண்டு, சாறே."

"மத்த ஏழு பேரும் ஒண்ணும் செய்யாத மாதிரி தோணுகதுக்குக் காரணம் என்னவாக்கும்? அந்த ஒரு பேரு. அதை எடுத்துட்டுப் பாரு."

எடுத்துவிட்டுப் பார்த்தோம். பதினான்கு கட்டமும் காலி. ஏழு பேருக்குப் பதினான்கு கட்டம், ஆளுக்கு இரண்டு. அடேயப்பா, என்ன கச்சிதம்! கருத்துருவாக்கம் விலாசினி அம்மாவுக்கு. மென்பொருள் வேன் பொறுப்பாளருக்கு. பொய் என்று யாரும் சொல்லமுடியாதபடி படிவம் நிறைந்தது.

"எட்டாவது இடம் சும்மா கிடக்கே," என்றேன். டீச்சரை மறுபடி நுழைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் சொன்னேன், சத்தியமாக.

"வீணாக்கணுமா? உனக்க பேரைப் போடு. இத்தனை பேருகளையும் வரிசையா அடுக்கினது தரவு ஒழுங்குபடுத்தல் இல்லாம பின்னே என்னவாக்கும்?"

நான் மறுத்திருக்கவேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் என் பெயர் ஆங்கிலத்தில், ஆய்விதழில், முன்னால் எந்த வேலைப் பெயரும் இல்லாமல் தனியாக நிற்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். கை தானாக டைப் செய்துவிட்டது. டீச்சரின் பெயரை 'நன்றி' பகுதியில் சேர்த்தேன், செல்லசாமிக்கு அடுத்தபடியாக. வயது வரிசை.

மார்ச் முப்பத்தொன்று. கட்டுரையில் பெயர் இல்லாத காரணத்தால் லேகா டீச்சருக்குப் பணி நீட்டிப்பு இல்லை. உத்தரவை டைப் செய்ததும் நான்தான். டீச்சர் வாங்கி, மடித்து, பைக்குள் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். எளவு, திட்டவில்லை.

மே மாதம் நடந்ததை அவளே பிற்பாடு சொன்னாள். செயற்கை நுண்ணறிவு ஆய்விதழ் அல்லவா, கட்டுரையை மதிப்பிடுவதற்கு ஆள் தேடுவதும் அங்கே எந்திரம்தான். சக்கையும் சத்தமும் அறிந்த நிபுணர் உலகத்தில் யார் என்று தேடியிருக்கிறது. ஒரே ஒரு பெயர் கிடைத்தது. போன வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசிய லேகா.

டீச்சர் நேர்மையாகப் பதில் போட்டாள், 'இது நான் செய்த ஆய்வு' என்று. எந்திரம் உடனே விளக்கம் தந்தது. 'கட்டுரையாளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. அந்தக் கல்லூரியில் நீங்கள் பணிபுரியவும் இல்லை. ஆகவே நீங்கள் பாரபட்சமற்றவர். வாழ்த்துகள்.'

டீச்சர் என்ன செய்வாள்? மதிப்பிட்டாள். யார் மதிப்பிட்டது என்று எங்களுக்குத் தெரியாது, அது ரகசியம். கடிதம் மட்டும் வந்தது: 'அருமையான ஆய்வு. ஒரே ஒரு சிறு திருத்தம். கட்டுரையாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு சக்கையைத் தட்டி, பழுத்ததா இல்லையா எனக் கூறி, வெட்டிக் காட்டும் காணொளியை இணைக்கவும்.'

"வெள்ளைக்காரன்னா வெள்ளைக்காரன்தான்! என்னா நுணுக்கம்!" என்றார் பிரின்சிபால்.

கல்லூரி முற்றத்தில் பந்தல் போட்டோம். பின்னால் பேனர். செல்லசாமி ஏழு சக்கைகளை இறக்கிவைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், "நீரு அந்தாலே நில்லும்" என்று ஒதுக்கிவிட்டோம். விலாசினி அம்மா பட்டுச்சேலையில் வந்து, இரண்டு விரலால் தட்டி, காமிராவைப் பார்த்து, "பழுத்தது" என்றார்.

இனி அதற்குக் கீழே உள்ளவன் எப்படிப் 'பழுக்கவில்லை' என்று சொல்வான்? கனடாவில் சக்கை கிடைக்காததால் அபின் போனில் தோன்றி ஒரு தண்ணிமத்தனை, அதாவது தர்பூசணியை, தட்டினான். "பழுத்தது, மம்மி." பிரின்சிபால் அடுத்தவர் கதவைத் தட்டுவதுபோல மரியாதையாகத் தட்டினார். பழுத்தது. ஸ்ரீஜித் குத்திய குத்தில் சக்கை பிளந்தே போனது, அதுவும் பழுத்தது. கடைசியாக நான். காதை வைத்துப் பார்த்தேன், ஒரு எளவும் கேட்கவில்லை. பழுத்தது.

வெட்டினோம். ஏழு சக்கையும் கல்லுபோல. பால் வடிந்து பிரின்சிபாலின் சட்டைக்கை ஒட்டிக்கொண்டது. கனடாத் தண்ணிமத்தன்கூட உள்ளே வெள்ளை.

"பழுக்காத சக்கையாக்கும் கொண்டாந்திருக்கேன்னு சொல்ல வந்தேன். யாரு கேட்டா?" என்றார் செல்லசாமி.

கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தால்கூட எட்டில் நாலு பேர் சொன்னதாவது சரியாக வந்திருக்கும். ஒற்றுமையாக இருந்ததால் எட்டும் போயிற்று. வெட்டும் இடத்தை நீக்கிவிட்டுக் காணொளியை அனுப்பினோம். கட்டுரை நிராகரிக்கப்பட்டது. "அவனுக்கு நம்ம ஊரு சக்கையெப் பத்தி என்ன தெரியும்!" என்றார் பிரின்சிபால்.

டீச்சர் ஜெயித்துவிட்டாள் என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். அவள் தன் கட்டுரையைத் தன் பெயரிலும் செல்லசாமி பெயரிலும் அதே இதழுக்கு அனுப்பினாள். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரி, இது வெளிவந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இரண்டாம் நாள் எந்திரம் பதில் போட்டது. 'தங்கள் கட்டுரை, நாங்கள் முன்பு பெற்ற ஒன்றுடன் தொண்ணூற்றாறு சதவீதம் ஒத்துள்ளது. அதை மதிப்பிட்டவர் என்ற முறையில் அதைப் பார்க்கும் வாய்ப்பும் தங்களுக்கு இருந்தது. இது திருட்டு. முந்தைய கட்டுரையாளர்களில் எவரேனும் ஒருவர், ஆய்வு தங்களுடையதே எனப் பத்து நாட்களுக்குள் கையொப்பமிட்டுத் தந்தால் மறுபரிசீலனை செய்யப்படும்.'

அந்தக் காகிதத்தோடு டீச்சர் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் எல்லாக் கதையையும் சொன்னாள்.

"சாறே, ஒரே ஒரு ஒப்பு. எட்டுப் பேருல ஒரு ஆளு போட்டா போதும். மத்தவங்ககிட்ட போக எனக்கு மனசில்ல. சாறுகிட்டதான் வந்தேன்."

"அதுக்கென்ன மக்கா, போட்டாப் போச்சு. திங்களாழ்ச்சை வா."

திங்கட்கிழமை எனக்கு லீவு. செவ்வாய் தலைவலி. புதன்கிழமை அவள் வந்தபோது நான் ஸ்டோர் ரூமில் பழைய கோப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன், யாரும் எண்ணச் சொல்லவில்லை. எனக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் உண்டு, பிரின்சிபாலைப் பகைத்துக்கொண்டு எப்படி இருப்பது? பத்தாம் நாள் சாயங்காலம் நாலு தடவை போன் அடித்தது. அடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், எனக்கே வருகிறது. பொட்டச்சி ஒருத்தி கஷ்டப்பட்டதில் பெயர் வாங்கிய பாவி என்று திட்டுங்கள். திட்டி முடித்துவிட்டு நாளைக்கு உங்கள் ஆபீசுக்குப் போனதும், கடைசியாக வெளியான ஏதாவது ஒரு அறிக்கையை எடுத்து, எட்டாவது பெயர் யாருடையது என்று மட்டும் பாருங்கள்.