ஆமத்தூரில் கைமாறிய பென்டிரைவ்கள்

"22-8-2008, பிற்பகல் 3.40. முரண் வந்த இடங்களில் எல்லாம் விருதுநகர்ப் பிரதியையே ஏற்றேன்."

கணினியில் நான் பதிந்த இந்தக் குறிப்பின் அச்சுப்பிரதி இன்னும் என் டைரியில் இருக்கிறது. நான் எழுதிய ஒரே காதல் கடிதம் இதுதான் (அப்போது எனக்கே தெரியாது).

பட்டாசு வியாபாரிகளுக்கு ஆர்டர் மென்பொருள் செய்துகொடுத்த சின்ன கம்பெனி. நான் சிவகாசியில், ராமலட்சுமி விருதுநகர்க் கிளையில். இணையம் நொண்டியதால் நிரல்களைப் பதிந்துவைக்கும் ரெப்போ ஆளுக்கொன்று. ஒரே நிரலில் நான் சரக்கைக் கேஸ் கணக்கில் எழுதியிருந்தேன். அவர் பெட்டிக் கணக்கில். ஒரு கேஸுக்குள் பல பெட்டிகள்.

"ரெண்டு ரெப்போவையும் சுத்தமா ஒண்ணாக்குங்கலே. அப்புறம் அந்தப் பிள்ளைக்கும் இங்கனயே சீட்டு" என்றார் முதலாளி அண்ணாச்சி. அன்றே பக்கத்து மேஜையைத் துடைத்துவைத்தேன். (தினமும் இரண்டு முறை.)

இரண்டு ஊருக்கும் நடுவில், ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில், அவரவர் ரெப்போ இருந்த பென்டிரைவ்களை மாற்றிக்கொண்டோம். "பாத்துச் சேருங்க" என்றார் ராமலட்சுமி. "நீங்களும்" என்றேன். யார் கணக்கை வைத்துக்கொள்வது என்று பேசவேண்டிய பத்து நிமிடத்தில், வெயிலைப் பற்றிப் பேசினேன்.

முரண்பட்ட ஒவ்வொரு இடத்திலும் கணினி கேட்டது: உன்னுடையதா, அவருடையதா? அவருடையது. அவருடையது. என் மூன்று மாத உழைப்பைக் கர்ணன்போல் வாரிக்கொடுத்தேன்.

மறுநாள் விஸ்வநத்தம் கிடங்கில் வெள்ளோட்டம். விருதுநகரிலிருந்து ராமலட்சுமி நாற்பது கேஸ் மத்தாப்புக்கு ஆர்டர் அனுப்பினார். என் திரையில் நாற்பது பெட்டி.

"இதுக்கு எதுக்குய்யா லாரி? டிரைவர் மடியில வச்சே கொண்டுபோயிருவானே!" என்றார் கிடங்குக்காரர்.

போன் செய்தேன்.

"என்ன செஞ்சீக?" என்றார் ராமலட்சுமி.

"உங்களதயே வச்சேன். நீங்க?"

"நானும் உங்களதத்தான் வச்சேன்."

பக்கத்தில் நின்று கேட்ட அண்ணாச்சி தலையில் கைவைத்தார். "ஏலே, ஆளாளுக்கு வீட்ட மாத்திக் குடியேறிட்டு, ஒண்ணாச் சேந்துட்டோம்னு சொல்றீகளா?"

அந்த மாதமே விருதுநகர்க் கிளையை மூடினார்கள். ராமலட்சுமி பெங்களூருக்கு வேலைக்குப் போனார். நான் துடைத்துவைத்த மேஜையில் பிரிண்டர் வந்து உட்கார்ந்தது.

இன்றும் ஓட்டலில் நான் "உன் இஷ்டம்" என்று ஆரம்பித்தால், "ஆமத்தூர்க் கதையாக்கிராதீக, என்ன வேணும்னு வாயத் திறந்து சொல்லுங்க" என்பாள், இந்தக் கதையெல்லாம் தெரிந்த என் மனைவி. பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும்தான்.

கிளையை மூடியபோது வந்துசேர்ந்த ரெப்போவில் ராமலட்சுமியின் குறிப்பும் இருந்தது. அதே தேதி, பிற்பகல் 3.52: "எல்லா இடத்திலும் சிவகாசிப் பிரதியையே வைத்தேன்." காரணம் எழுதவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்றா, வேறு எதற்காகவா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.