ஏஞ்சலின் டாக்டர் பேசுறேன்

"பல்லைப் புடுங்கணும்னா முதல்ல என் தறியைப் புடுங்கட்டும்!"

அருப்புக்கோட்டையில் ஆறு விசைத்தறி ஓட்டும் என் அப்பா சௌடப்பன் அன்று காலை இப்படிச் சபதம் போட்டார். பாதிதான் வெளியே வந்தது. இடது கன்னம் குழிப்பணியாரம் மாதிரி உப்பி, வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. சொத்தைப் பல்லுக்கு அடியில் சீழ். சுகர் முந்நூற்று நாற்பது.

"சுகர்காரன் பல்லைப் புடுங்கினா புண்ணு ஆறாது, நாகமணி."

"அதை டாக்டரம்மா சொல்லட்டும். சுகர் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் பதினோரு மணிக்குப் போன் பண்றேன்னு சொல்லியிருக்காக," என்றாள் அம்மா.

பத்தரைக்கு அப்பா என்னைத் தறிக்கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசிவிடுவேன். தலைமையாசிரியை குரலில் இரண்டு பீரியட் லீவு விட்டவள் நான்.

"ஸ்ருதி, அந்தப் பல் டாக்டர் மாதிரி பேசுவியா?"

"ரேங்க் கார்டுல கேள்வி கேக்காம கையெழுத்துப் போடுவீங்களா?"

"ரெண்டாப் போடுறேன்."

தறிகளை நிறுத்தினோம். தறி ஓட்டும் மாரிச்செல்வத்தின் போனை வாங்கினேன். அந்த நம்பர் அம்மாவிடம் கிடையாது. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டேன்.

"நாகமணி அம்மாவா? ஏஞ்சலின் டாக்டர் பேசுறேன். சாருக்குச் சுகர் ஜாஸ்தி, ஓகேவா? இப்பப் பல்லைத் தொடக் கூடாது, ஓகேவா? மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம், ஓகேவா?"

"சரிங்க டாக்டர். சாப்பாடு?"

அப்பா காற்றில் வட்டமாக மாவு வீசிக் காட்டினார்.

"பரோட்டா குடுங்க."

அம்மா அதே பணிவான குரலில் இன்னொன்று கேட்டாள், அவரால் எச்சில் விழுங்க முடிகிறதா என்று.

"எங்கங்க? விடிஞ்சதுலருந்து துப்பிக்கிட்டேதான் இருக்காரு."

"ரொம்ப நன்றிங்க டாக்டர்." வைத்துவிட்டாள்.

அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா கடைசியாகக் கேட்டது கன்னடத்தில்; நான் பதில் சொன்னதும் கன்னடத்தில். எங்கள் வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். திருச்சுழிக்காரரான ஏஞ்சலின் டாக்டருக்குக் கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது.

கால் மணி நேரத்தில் அம்மா ஆட்டோவோடு வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"மூணு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாமாம். பரோட்டா சாப்பிடலாமாம். பந்தல்குடி ரோட்டுக் கடைக்குப் போவோமாங்க?"

எச்சில் விழுங்க முடியாதவர் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. சக்கர நாற்காலியோடு ஏஞ்சலின் டாக்டரே காத்திருந்தார்.

"மூணு மாசம்னு நீங்கதானே..." என்று அப்பா இழுத்தார்.

"சீழை உள்ள வச்சுக்கிட்டுச் சுகர் எப்படி சார் இறங்கும்? சீழாலதான் சுகரே இப்படி ஏறுது, ஓகேவா? முழுங்க முடியலைன்னா வீக்கம் கழுத்துக்கு இறங்குதுன்னு அர்த்தம். இன்னும் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும், ஓகேவா?"

அப்பா தானாகவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அம்மாவிடம் ரேங்க் கார்டு பேரம் வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

இன்சுலின் போட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். சுகர் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சீழை வடித்து, பல்லையும் பிடுங்கினார்கள்.

மூன்றாம் நாள் சுகர் நூற்று அறுபது. கன்னத்தில் கட்டோடு அப்பா படுத்திருந்தார். போன் அடித்தது. புது நம்பர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், ஏஞ்சலின் டாக்டர் பேசுறேன். வீக்கம் வத்திருச்சு, ஓகேவா?"

"ம்."

"மூணு மாசத்துக்குப் பரோட்டா கிடையாது, ஓகேவா?"

"ம்ம்."

"பாப்பா ரேங்க் கார்டை இனிமே அவங்க அம்மாதான் பாப்பாங்க, ஓகேவா?"

தலையாட்டிய அப்பா பாதியில் நின்றார். என்னை முறைத்தார். என் வாய் நிறைய பன். அந்த நேரம் பார்த்து ஏஞ்சலின் டாக்டர் கையில் போன் இல்லாமல் உள்ளே நுழைந்தார்.

அவருக்குப் பின்னால், நர்ஸிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்கைப் பிடித்திருந்த விரலை எடுத்தபடி அம்மா வந்தாள்.