குழுப்பணியில் றொஷினிக்குக் கிடைத்த கடைசி இடம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாகக் 'குழுப்பணி'யைக் கண்டுபிடித்தது. மூன்றிலும் ஆபத்தே இல்லாதது கடைசியானதுதான். அதில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாது, வேலை செய்கிறவரைத் தவிர.

மொன்றியலில் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய், வணிக நிர்வாகம் கற்று, நான் கண்டடைந்த உண்மை இது. என் பெயர் பேரின்பநாதன். வயது நாற்பத்தாறு. நகரின் மேற்கே பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு.

முதல் நாளே பேராசிரியை சொன்னார்: "பன்முகத்தன்மை முக்கியம். உங்களைப் போல் இல்லாதவர்களோடு சேருங்கள்." உடனே வகுப்பில் இருந்த நான்கு தமிழரும் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒரே மேசையில் உட்கார்ந்தோம். நான் யாழ்ப்பாணம். ஜெயசங்கர் சென்னை எஞ்சினியர். பிருந்தன் இந்த நகரத்திலேயே, லாசாலில் பிறந்தவன், தும்முவதும் பிரெஞ்சில்தான். றொஷினி பெண். இதற்கு மேல் என்ன பன்முகம் வேண்டும்?

பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டோம். ஜெயசங்கருக்கு 'வியூகம்'. பிருந்தனுக்குத் 'தொடர்பாடல்': அறிக்கை வந்ததும் குழுவுக்கு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி அனுப்ப வேண்டும். எனக்குத் 'தலைமைத்துவம்': முன் அட்டையில் யார் பெயர் முதலில் வரும் என்று தீர்மானிக்க வேண்டும். மிச்சத்தை றொஷினி பார்த்துக்கொண்டார். மிச்சம் என்பது அறிக்கை.

றொஷினி கோட்-டெ-நெய்ஜில் இருக்கிறார். காலையில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பின்னேரம் வகுப்பு. படிப்பை முடித்தால் அதே ஆஸ்பத்திரியில் அலுவலக வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை அவர் எங்களிடம் பலமுறை சொன்னார். நாங்களும் ஒவ்வொரு முறையும் உற்சாகமூட்டினோம். உற்சாகமூட்டுவது மூன்றாம் பருவத்துப் பாடம்.

படிப்பு முடிய மூன்று வாரம் இருக்கையில் 'சக மதிப்பீட்டுப் படிவம்' வந்தது. தன்னையும் சேர்த்துக் குழுவில் உள்ளவர்களை ஒன்று முதல் நான்கு வரை வரிசைப்படுத்த வேண்டும். எல்லாருக்கும் முதலிடம் கொடுக்க முடியாது. கடைசியில் வருகிறவர் குழுப்பணியில் தேறவில்லை. தேறாதவருக்குப் பட்டமும் இல்லை.

மெட்ரோ நிலையத்துக்கு அருகே ஒரு கோப்பிக் கடையில் அவசரக் கூட்டம் போட்டோம். றொஷினி வரவில்லை. இறுதி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆப்சென்ட்டா? மீட்டிங்குக்கே வராதவங்களை எப்படிங்க டீம் பிளேயர்னு சொல்றது?" என்றார் ஜெயசங்கர்.

"அண்ணை, இங்க ஒரு கேள்வி இருக்குது," என்றான் பிருந்தன். "'மற்றவர்கள் பங்களிக்க இடமளித்தாரா?' அவா எங்களை ஒண்டுமே செய்ய விடேல்லைத்தானே?"

எனக்கு உடல் சிலிர்த்தது. நேர்மை என்றால் இதுதான். மூவரும் றொஷினிக்கு நான்காம் இடம் கொடுத்தோம்.

றொஷினி மேன்முறையீடு செய்தார். மதிப்பீட்டுக்கான காரணங்களை விளக்கி ஒரு கூட்டுக் கடிதம் தரும்படி கல்லூரி எங்கள் மூவரையும் கேட்டது. ஜெயசங்கர் வியூகம் வகுத்தார். பிருந்தன் மெர்சி சொன்னான். நான் பெயர்களை வரிசைப்படுத்தினேன். இருந்தும் கடிதம் எப்படியோ எழுதப்படாமலே இருந்தது. கடைசியில், தலைவன் என்ற முறையில், றொஷினிக்கு நானே போன் எடுத்தேன்.

"தங்கச்சி, அவசரமா ஒரு கடிதம் வேணும்."

"என்ன கடிதம் அண்ணை?"

"உங்களுக்குக் கடைசி இடம் தந்தது சரி எண்டு."

மறுமுனையில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் வெட்கத்தைக் கடந்து செல்வதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

"எத்தினை பக்கம்?" என்று கேட்டார்.

"ஒண்டு காணும்."

"ஓம். வேலை முடிய அனுப்பிறன்."

பின்னேரமே வந்துவிட்டது. ரயிலில் இருந்தபடியே கைபேசியில் விரலால் கையெழுத்து வைத்தேன். மற்ற இருவரும் ஐந்து நிமிடத்தில் வைத்தார்கள். யாரும் வாசிக்கவில்லை. சக உறுப்பினர் எழுதியதைத் திறந்து பார்ப்பது நம்பிக்கைத் துரோகம். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் அந்தத் துரோகத்தைச் செய்ததில்லை.

விசாரணை அன்று நான் கழுத்துப்பட்டி கட்டிப் போனேன். றொஷினி எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விசாரணைக் குழுவின் தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் கடிதத்தை உரக்க வாசித்தார்.

"கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் மூவரும், இரண்டு வருடத்தில் எந்த அறிக்கையிலும் ஒரு வரிகூட எழுதியதில்லை. எல்லாவற்றையும் எழுதியவர் றொஷினி. இந்தக் கடிதத்தையும் அவரே எழுதினார், நாங்கள் கேட்டதால். அவர் தேறக் கூடாது என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே காரணம், அவர் தேறாவிட்டால் நாங்கள் தேறுவோம் என்பதே."

தலைவி எங்களை நிமிர்ந்து பார்த்தார். "இவை உங்கள் கையெழுத்துகள்தானா?"

பிருந்தன் வழக்கம்போல "மெர்சி" என்றான். ஜெயசங்கர் என் காதருகே குனிந்து, "இதுல ஏதாவது தப்பு இருக்காங்க?" என்று கேட்டார்.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. எங்கள் குழு சமர்ப்பித்தவற்றில், நாங்கள் மூவரும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுத் தெரிந்துகொண்டது அந்தக் கடிதம் ஒன்றைத்தான்.