நீரமானி மனமிறங்கியது

"இறங்கேல்லை!" என்று கத்தினார் கணேசலிங்கம். பேஸ்மென்ற் தரையில் முழந்தாளிட்டு, ஒற்றைக் கண்ணை மூடியபடி.

"என்ன இறங்கேல்லை? காய்ச்சலோ?" என்று படியில் நின்று கேட்டாள் மனைவி தாட்சாயினி.

"நீரமானி. வைச்ச இடத்திலேயே நிக்குது. ஆயிரத்து எழுபது."

வாளியில் ஊறிக்கொண்டிருந்த பியரில் கொஞ்சத்தை எடுத்து உயரமான கண்ணாடிக் குழல் ஒன்றில் ஊற்றியிருந்தார். பருத்த அடியும் ஒல்லிக் கழுத்துமாக அதற்குள் மிதந்தது நீரமானி. சீனி மதுவாக மாற மாற அது தாழும். ஆயிரத்துப் பத்துக்கு இறங்கினால் பியர். இறங்காவிட்டால் வெறும் சீனித்தண்ணி.

சீனித்தண்ணி என்பது கூட்டாளி ஞானேந்திரனின் சொல். போன நத்தார் விருந்தில் கணேசலிங்கத்தின் முதல் பியரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஐசே, இதைப் பிள்ளையளுக்குக் குடும்" என்றிருந்தார். அன்று தொடக்கம் பியர்பொன்ட்ஸ் ஊரில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் கணேசலிங்கத்துக்கு ஜூஸ்தான் நீட்டினார்கள். அதே ஞானேந்திரன் வருகிற சனிக்கிழமை வருகிறார்.

பெப்ரவரிக் குளிர்தான் காரணம் என்று முடிவுசெய்து, தாட்சாயினியின் புதுப் போர்வையை உருவி வாளிக்குச் சுற்றினார். இறங்கவில்லை. ஹீற்றரை இழுத்துவந்து பிளக்கில் செருகினார். பியூஸ் போய், மேலே அரைவேக்காட்டுச் சோற்றோடு வீடு முழுவதும் இருண்டது. நீரமானி மட்டும் அசையவில்லை. ஆவி பறக்கப் பறக்க ஈஸ்டைக் கொட்டி அவித்துச் சாகடித்த தன் அவசரத்தை அவர் ஒருகணமும் சந்தேகிக்கவில்லை.

"டெப்பனர்க் கடையில ரெண்டு போத்தில் வாங்கி ஊத்திவிடுங்கோவன். ஆருக்குத் தெரியும்?" என்றாள் தாட்சாயினி.

"உமக்கு இது விளங்காது. ஒரு குமிழ் ஒட்டினாலே இது மிதந்து பொய் சொல்லும். ஒரு தூசு பாரம் ஏறினாலே தாழ்ந்து பொய் சொல்லும். அவ்வளவு நுட்பம். வாசிக்கவும் ஒரு முறை இருக்கு. கண் திரவ மட்டத்தில நிக்கவேணும். மேலயும் பாக்கப்படாது, கீழயும் பாக்கப்படாது."

சொல்லிவிட்டு மறுபடியும் முழந்தாளிட்டார். கோயிலுக்குப் போனால் காருக்குள்ளேயே இருந்து பேப்பர் வாசிக்கிற மனிதர், காலையும் மாலையும் இப்படி மண்டியிடுவதைப் பார்க்கத் தாட்சாயினிக்கு மெய்சிலிர்த்தது. மேலே போனாள்.

மறுநாள் காலை பேஸ்மென்ற் அதிர்ந்தது.

"இறங்கிட்டுது! ஆயிரத்து அறுபது!"

"முருகா!" என்றாள் தாட்சாயினி.

"முருகனில்லை, ஹீற்றர்!"

அதற்கடுத்த நாள் ஐம்பது. பிறகு நாற்பது. எண்ணி வைத்ததுபோல நாளுக்குப் பத்து இறங்கியது. இவ்வளவு ஒழுங்காக நொதிக்கிற பியர் கியூபெக்கிலேயே இல்லை என்று கணேசலிங்கம் போனில் எல்லோருக்கும் அறிவித்தார். சனம் தரிசனத்துக்கு வந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒருவர் பின் ஒருவராக முழந்தாளிட்டு ஒற்றைக் கண்ணை மூடினார்கள்.

"மேல பாக்கப்படாது!" என்று பக்கத்தில் நின்று அதட்டினார் கணேசலிங்கம். ஒருவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஆயிரத்துப் பத்து. கோட் சூட்டோடு வந்த ஞானேந்திரனும் மண்டியிடத்தான் வேண்டியிருந்தது.

"ஐசே, எழுபதில இருந்து பத்தோ? அப்ப எட்டு வீதம் அல்ககோல் எல்லே!"

"கண்ணாடி பொய் சொல்லாது, ஞானம்."

கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஞானேந்திரன். "நுரையைக் காணேல்லை?"

"வீரியம் கூடினது நுரைக்காது."

ஞானேந்திரன் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

"இறங்கேக்கையே தெரியுது" என்றார் மெல்ல. "பெல்ஜியத்துச் சாமியார்மார் காய்ச்சுறது இப்பிடித்தான் இருக்கும்."

இரண்டாவது கிளாஸில் அவருக்கு நாக்குத் தடித்தது. மூன்றாவதில் கணேசலிங்கத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். "சீனித்தண்ணி எண்டு சொன்ன வாய் மச்சான் இது! அடி, இதிலயே அடி!"

எட்டு வீதத்தோடு கார் ஓட்டமாட்டேன் என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, பனியில் பாட்டுப் பாடியபடி ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் போனார்.

கதவைச் சாத்திய கணேசலிங்கம் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார்.

"பாத்தீரே தாட்சாயினி? இதுதான் சயன்ஸ்."

"நீங்கள் என்னவும் சொல்லுங்கோ, உங்கடை நீரமானிக்கு நல்ல சக்தி" என்றாள் அவள், கிளாஸ்களை அடுக்கியபடி. "நாளும் வெள்ளன எழும்பி அதின்ரை உச்சியில ஒரு உருண்டை சந்தனம் அப்பிக் கும்பிட்டனான், அப்பின கையோடை இறங்கினதப்பா!"