காற்றெல்லாம் வராது

ஏணியைக் காணோம்.

ஆட்டுக் கொட்டகையின் தகரக் கூரைமேல் குப்புறப் படுத்திருந்த சைக்கிள் கடைக்காரர் திரும்பிப் பார்த்தபோது, ஏறி வந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. அதுவும் சும்மா இருக்கவில்லை. சட்டைக்குள் புகுந்து அவர் முதுகைப் பலூனாக்கியது. இந்தக் காற்று வரவே வராது என்று சற்று முன்புதான் அடித்துச் சொல்லியிருந்தார்.

யாரிடம்? கணக்கெடுக்க வந்த பெண்ணிடம். வெயில், வெள்ளம், காற்று, பாம்பு என்று கிராமத்து ஜனங்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் என வீடு வீடாகக் கேட்டு வந்தாள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, இந்த வீட்டில் ஆபத்தே கிடையாது, என் பேச்சை மீறி ஓர் ஈ பறக்காது என்றார்.

ஈ பறக்காது, சரி. தகரம்? ஊர் சைக்கிளையெல்லாம் கழற்றி மாட்டுகிற மனுஷன், சொந்தக் கொட்டகைக்கு நாலு கம்பி போட்டுக் கட்டவில்லை. போன காற்றில் ஒரு தகடு பிய்ந்து விழுந்து ஒரு குட்டியின் காலை ஒடித்தது. இப்போது உள்ளே சினையாடுகள் நிற்கின்றன. மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்து, ஏணியை அவளே தூக்கி வந்து சாய்த்தும் வைத்தாள். இவர் அதில் துண்டு காயப் போட்டார்.

வந்த பெண்ணுக்கு ஒரு விதி. புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். கொஞ்ச நேரம் கடைக்குப் போய்விட்டு வரச் சொன்னாள். போய்விடுவாரா? மனைவி என்ன சொல்லி மானத்தை வாங்குவாளோ என்று ஒட்டுக்கேட்கக் கிளம்பினார். அடுக்களை ஜன்னல் கொட்டகையை ஒட்டித்தான் இருந்தது. சந்து வழியாகப் பின்னால் வந்து, முதல் முறையாக அந்த ஏணியில் ஏறினார். தகரம் டொம் என்றது. அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டார். உள்ளே மனைவி, ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்குப் பெரிய ஆபத்து எது அக்கா? காத்தா, மழையா?"

"காத்தெல்லாம் இல்லம்மா. காத்து வராதுன்னு சொல்றாரே, அவருதான்."

"முன்னேற்பாடெல்லாம் யாரு முடிவு பண்ணுவாங்க?"

"அவருதான். நாளைக்குன்னு முடிவு பண்ணுவாரு."

"இந்த வருஷம் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணியாச்சு. தகரம் பறக்காம இருக்க, கனமா ஒண்ணை மேல ஏத்தி வெச்சிருக்கேன்."

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தது. குதிக்கலாம் என்றால் கீழே முள்வேலி.

கணக்கெடுத்த பெண் வாசலில் நின்று அண்ணாந்து, "வரேன் அண்ணா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். மனைவி கம்பிச் சுருளையும் இடுக்கியையும் ஒரு பையில் போட்டு மேலே எறிந்தாள்.

"நாலு மூலையும் கட்டுங்க. ஏணி தானா வரும்."

"மரியாதையா ஏணியை வை. நீ சொல்லி நான் கட்டணுமா? முடியாது."

"சரி, அப்போ அசையாம படுத்திருங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் உள்ளே போய்விட்டாள். காற்று சுழன்றடித்தது. தெருவில் யார் வீட்டுக் கூரையோ தடதடத்தது. கொட்டகைக்குள் ஆடுகள் நிம்மதியாக அசைபோட்டன.

கட்டச் சொன்னாள். கடைசிவரை அவர் கட்டவில்லை. தகரமும் பறக்கவில்லை.